துளையட்டைக் காலத்தில் கற்ற பழக்கம்

உங்கள் வீட்டுக் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தை, காகித அட்டைகளில் துளை போட்டுச் சேமித்து வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை அட்டைகள் தேவைப்படும்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஓர் அட்டையில் 80 எழுத்துகள் அடங்கும். சாதாரணப் புகைப்படம் ஒன்று 3 மெகாபைட் அளவு இருப்பதாகக் கொள்வோம். அதாவது ஏறத்தாழ 30 லட்சம் எழுத்துகள் பிடிக்கும் இடம். 30 லட்சத்தை 80-ஆல் வகுத்தால் 37,500 அட்டைகள் என்று விடை வருகிறது. ஓர் அட்டையின் கனம் சுமார் 0.18 மி.மீ. ஆகவே எல்லா அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் 6.75 மீட்டர், ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியைத் தொட்டுவிடும். நிமிடத்திற்கு 250 அட்டைகளைப் படிக்கும் கருவியில் இவற்றைக் கொடுத்தால், ஒரே ஒரு படத்தைப் படித்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும்!

இத்தகைய அட்டைகளோடு 1970-களின் தொடக்கத்தில் ஒரு கணிப்பொறி மையத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தக் கணிப்பொறிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவர்கள் இரு கட்சியாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். "அந்தக் காலம் போல வருமா?" என்று பெருமூச்சு விடுபவர்கள் ஒரு கட்சி. "அதெல்லாம் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய சாமான்" என்று சிரிப்பவர்கள் மற்றொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்தக் கருவிகளில் திரும்பி வர வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆனால் அவற்றோடு பழகியதால் எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கணிப்பொறியிடம் விடையைக் கேட்பதற்கு முன், அது எவ்வளவு வரும் என்று நாமே கணித்துக்கொள்ளும் பழக்கம் அது. எங்களைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அட்டையும் துளையும்

துளையட்டை என்பது 18.7 செ.மீ. நீளமும் 8.3 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கெட்டிக் காகிதம். 80 பத்திகள் கொண்ட இந்த அட்டையை 1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பத்தியிலும் 12 இடங்கள் உண்டு. எந்தெந்த இடத்தில் துளை விழுந்திருக்கிறது என்பதை வைத்து அது என்ன எழுத்து, என்ன எண் என்று கருவி அறிந்துகொள்ளும்.

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதும் ஆணைத்தொடருக்கு நிரல் என்று பெயர். இதை நீங்கள் இன்று திரையைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறீர்கள். நாங்கள் முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவோம். அதைப் பார்த்துத் துளையிடும் இயந்திரத்தில் ஒரு வரிக்கு ஓர் அட்டை வீதம் அடிப்பார்கள். அழிப்பான் என்பதே கிடையாது. போட்ட துளையை அடைக்க முடியுமா? ஓர் எழுத்துத் தவறினாலும் அந்த அட்டையை எறிந்துவிட்டு வேறோர் அட்டையை அடிக்க வேண்டியதுதான்.

1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற மொழியில்தான் பெரும்பாலும் எழுதினோம். அதில் 7-ஆம் பத்தி முதல் 72-ஆம் பத்தி வரைதான் ஆணை எழுதலாம். 73 முதல் 80 வரை உள்ள பத்திகளில் அட்டையின் வரிசை எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கட்டு கைநழுவி விழுந்து அட்டைகள் சிதறினால் மறுபடி வரிசைப்படுத்துவதற்காக இந்த ஏற்பாடு. இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. அடுக்கிய கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு மைக்கோடு இழுத்துவிடுவோம். எந்த அட்டையாவது இடம் மாறினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

கூட்டத் தெரியாத கணிப்பொறி

எங்கள் மையத்தில் இருந்தது ஐ.பி.எம். 1620 என்ற கணிப்பொறி. 1959-இல் அறிவிக்கப்பட்ட இந்த வகையில் உலகம் முழுவதற்குமாகச் சுமார் 2,000 கணிப்பொறிகள் செய்யப்பட்டன. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்ததும் இதே வகைதான். அங்கே அதை வைத்துப் பலருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவர், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் ராஜாராமன்.

இந்தக் கணிப்பொறியின் அடிப்படை நினைவகத்தில் 20,000 இலக்கங்கள் அடங்கும். ஓர் எழுத்தைக் குறிக்க இரண்டு இலக்கங்கள் வேண்டும் என்பதால், எழுத்துக் கணக்கில் 10,000 மட்டுமே. ஐந்து இலக்க எண்கள் இரண்டைக் கூட்ட அது ஒரு நொடியில் பத்தாயிரத்தில் 5.6 பங்கு நேரம் எடுத்துக்கொண்டது. நொடிக்கு 1,800 கூட்டல்கூட இல்லை. இன்றைய கைப்பேசி ஒரு நொடியில் கோடிக்கணக்கான கூட்டல்களைச் செய்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்த வேடிக்கை வேறு. இதன் முதல் மாதிரிக்குக் கூட்டவே தெரியாது! நாம் சிறுவயதில் கூட்டல் வாய்பாட்டை மனப்பாடம் செய்தோம் அல்லவா? அதுபோல இதற்கும் ஒரு வாய்பாடு தேவைப்பட்டது. நினைவகத்தின் 300-ஆம் இடம் முதல் 399-ஆம் இடம் வரை கூட்டல் வாய்பாடு; 100 முதல் 299 வரை பெருக்கல் வாய்பாடு. இவற்றை அட்டையில் துளைத்து வேலை தொடங்குமுன் ஏற்றிவிட வேண்டும். ஐந்தையும் மூன்றையும் கூட்டச் சொன்னால், கணிப்பொறி உரிய இடத்தைப் போய்ப் பார்த்து, அங்கே எழுதியிருப்பதை எடுத்து வரும். அவ்வளவுதான். "கூட்டத் தெரியாது, முயல்வதும் இல்லை" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, இதற்கு 'கேடட்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒழுங்காக எழுதப்படாத ஒரு நிரல், தான் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு வாய்பாட்டில் ஓர் இலக்கத்தை மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5-க்கும் 3-க்கும் நேரான இடத்தில் 8-க்குப் பதிலாக 7 வந்துவிட்டது. பிறகு என்ன ஆகும்? கணிப்பொறி நிற்காது. மணி அடிக்காது. ஐந்தும் மூன்றும் ஏழு என்று வைத்துக்கொண்டு, அதே வேகத்தில், அதே அழகான அச்செழுத்தில் பக்கம் பக்கமாக விடை எழுதித் தள்ளும்.

எந்த ஆசிரியரும் கற்பித்துவிட முடியாத பாடம் இது. கணிப்பொறி தன்னுள் ஏற்றியதற்கு உண்மையாக நடந்துகொள்ளும். உலகத்தில் உள்ளதற்கு உண்மையாக நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றல்ல என்பதை வாய்பாட்டு அட்டைகளைக் கையில் தொட்டு ஏற்றிய எங்களால் மறக்க இயலவில்லை.

"எவ்வளவு வரும்?"

ஃபோர்ட்ரானில் எழுதிய நிரலை 1620-இல் ஓட்டுவது ஒரு சிறு சடங்கு. முதலில் மொழிபெயர்க்கும் நிரலின் அட்டைகளை ஏற்ற வேண்டும். அடுத்து நம் அட்டைகள். கணிப்பொறி அவற்றைத் தன் மொழிக்கு மாற்றிப் புதிய அட்டைகளாகத் துளையிட்டு வெளியே தள்ளும். அந்தப் புதிய கட்டையும், கணக்குக்குரிய விவரங்கள் அடங்கிய அட்டைகளையும் மறுபடி கொடுத்தால்தான் விடை கிடைக்கும். வேலை கொடுக்க வருபவர்கள் பலர், கணிப்பொறி ஒன்று. இன்று கட்டைக் கொடுத்தால் நாளை விடை என்பதுதான் வழக்கம். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் ஒரு நாள் போயிற்று.

அட்டைக் கட்டை வாங்கி வைக்கும் மூத்த இயக்குநர் ஒருவர் இருந்தார். புதிதாக வருபவர்களிடம் அவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "விடை எவ்வளவு வரும் தம்பி?"

"அதைத் தெரிந்துகொள்ளத்தானே சார் கணிப்பொறிக்கு வந்திருக்கிறேன்" என்பார்கள்.

"சரியாக வேண்டாம். நூறா, ஆயிரமா, லட்சமா? அது தெரியாவிட்டால் நாளைக்கு நான் கொடுக்கிற தாளை வைத்து நீ என்ன செய்வாய்?"

ஒருமுறை வானிலைக் கணக்கோடு ஓர் இளைஞர் வந்தார். பாரன்ஹீட்டில் குறித்த வெப்பநிலைகளைச் செல்சியசுக்கு மாற்ற வேண்டும். 32-ஐக் கழித்து 5/9-ஆல் பெருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அவரும் அப்படியே எழுதியிருந்தார். மறுநாள் வந்த தாளில் எல்லா நாளுக்கும் விடை சைபர்! காரணம் என்ன? ஃபோர்ட்ரானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், பின்னம் உதிர்ந்துவிடும். ஆகவே 5/9 என்பது சைபர். எதைச் சைபரால் பெருக்கினாலும் சைபர். இன்றும் சி, ஜாவா போன்ற மொழிகளில் இதே விதிதான்.

நல்ல வேளையாக அங்கே பிழை தன்னைத் தானே காட்டிக்கொண்டது. சித்திரை மாதத்து வெயில் சைபர் பாகை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் 35 வர வேண்டிய இடத்தில் 33 வந்திருந்தால்? முன்னதாகக் கையால் ஒரு நாளுக்காவது கணக்கிட்டு வைத்தவர் மட்டுமே அதைக் கண்டுபிடித்திருப்பார். 95 பாகை பாரன்ஹீட் என்றால், 63-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுக்க, 35. இது ஒரு நிமிட வேலை. அதன் பிறகு அந்த இளைஞர் ஒவ்வொரு தடவையும் தாளின் மூலையில் எதிர்பார்க்கும் விடையைப் பென்சிலால் எழுதிக்கொண்டுதான் வருவார்.

முன்னோடிக்கும் இதே கதை

பிழை என்பது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் எட்சாக் என்ற கணிப்பொறியை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 3,000 வால்வுகள் கொண்ட அது 1949 மே 6 அன்று முதன்முதலாக நிரல் ஒன்றை ஓட்டி, 0 முதல் 99 வரை உள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது.

சில வாரங்களுக்குள் வில்க்ஸ் ஒரு கடினமான கணக்குக்கு நிரல் எழுதினார். அதில் 126 ஆணைகள் இருந்தன. அந்த நிரலைத் துளைத்த காகித நாடா பிற்காலத்தில் ஆராயப்பட்டது. சுமார் 20 பிழைகள்! உலகின் தலைசிறந்த கணிப்பொறி வல்லுநர் ஒருவருக்கே ஆறு ஆணைக்கு ஒரு பிழை வீதம் வந்திருக்கிறது. தன் வாழ்நாளின் பெரும் பகுதி இனித் தன் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்பது அப்போதுதான் தமக்கு உறைத்தது என்று 1985-இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் வில்க்ஸ் எழுதினார். இதை அறிவுக் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தன் வேலையைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவரைத்தான் நாம் விஞ்ஞானி என்கிறோம்.

பழையதெல்லாம் பொன்னல்ல

"அப்படியானால் ஒரு நாள் காத்திருந்த காலமே நல்ல காலம் என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. காத்திருப்பதில் எந்த உயர்வும் இல்லை. அது வீண், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறி உப்பிய அட்டைகள் கருவியில் சிக்கிக் கிழிந்தபோது யாரும் ஞானம் பெறவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த அறைக்குள் நுழைய முடிந்தவர்கள் மிகச் சிலர். எங்கள் மையத்தில் அட்டை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் அடித்த அட்டையைச் சரிபார்க்கும் இயந்திரத்தில் வைத்து, மற்றொருவர் அதே வரியை மறுபடி அடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் தவறான பத்திக்கு மேலே வெட்டு விழும். நாள் முழுதும் பிறர் எழுதிய நிரல்களை அடித்து அடித்து அவர்களில் சிலருக்கு அந்த மொழி நன்றாகப் பழகிவிட்டிருந்தது. "இந்த வரியில் ஓர் அடைப்புக்குறி குறைகிறதே" என்று ஒருவர் சொல்லி, ஓர் ஆராய்ச்சியாளரின் ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றியதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவர் தம் சொந்த நிரல் ஒன்றை எழுதி ஓட்டிப் பார்க்க அங்கே இடம் தரப்படவில்லை. அத்தகைய காலத்தைப் பொற்காலம் என்று எப்படிச் சொல்வது? இன்று உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில் எந்த மாணவியும் தன் நிரலைத் தானே ஓட்டிப் பார்க்கலாம். எங்கள் காலத்துக் கருவிகள் எல்லாவற்றையும்விட இது பெரிது.

இன்று ஏன் இது தேவை?

எங்களுக்கு யோசிக்க நேரம் இருந்தது. வேறு வழியில்லாததால் யோசித்தோம். உங்களுக்கு விடை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. தவறினால் இங்கே ஒன்றை மாற்றிப் பார், அங்கே ஒன்றை மாற்றிப் பார் என்று தட்டிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஓடிவிடும். ஏன் ஓடியது என்பது மட்டும் தெரியாது.

விடையைச் சரிபாராமல் நம்புவதன் விலை என்ன? அமெரிக்கா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. செவ்வாய்ப் பருவநிலைச் சுற்றுக்கலம் என்பது அதன் பெயர். அதன் பாதையைக் கணிக்க உதவிய நிரல்களில் ஒன்று விசையைப் பவுண்டு அலகில் கணக்கிட்டுக் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொண்ட நிரல் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். ஆகவே எண்கள் நாலரை மடங்கு பிசகின. வழியில் சில வேறுபாடுகள் கண்ணில் பட்டும் அவை முழுமையாக ஆராயப்படவில்லை. 1999 செப்டம்பர் 23 அன்று கலம் செவ்வாய்க்கு மிக அருகில் சென்று தொலைந்துபோனது. எந்தக் கணிப்பொறியும் கூட்டலில் தவறவில்லை. கொடுத்த எண்ணைக் கொடுத்தபடி கணக்கிட்டது. "இந்த எண் இவ்வளவு இருக்கலாமா?" என்று உரிய நேரத்தில் கேட்டு விடாப்பிடியாக நின்றவர்தான் தேவைப்பட்டார்.

இப்போது, நாம் பேசுவது போலவே கேள்வி கேட்டால், பேசுவது போலவே பதில் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் வந்துவிட்டன. அவை பயனுள்ளவைதாம். ஆனால் தவறான விடையையும் சரியான விடையைச் சொல்லும் அதே தெளிவான நடையில் அவை சொல்லக்கூடும். வாய்பாட்டில் ஓர் இலக்கம் பிசகிய 1620 அழகாக அச்சிட்டுக் கொடுத்த தாளுக்கும் இதற்கும் இந்த வகையில் வேறுபாடு இல்லை. சைபர் பாகை வெயிலாவது பார்த்தவுடன் சிரிப்பு மூட்டும். நயமான வாக்கியம் அப்படிச் செய்யாது.

நீங்கள் செய்யக்கூடியது

இதற்குத் துளையட்டை தேவையில்லை. ஒரு பென்சில் போதும்.

முதலாவது, எந்தக் கணக்கையும் கருவியிடம் கொடுக்கும் முன் தோராய விடையை எழுதிக்கொள்ளுங்கள். 57-ஐ 43-ஆல் பெருக்க வேண்டுமா? அறுபதை நாற்பதால் பெருக்கினால் 2,400. கருவி 2,451 என்றால் ஏற்கலாம். 24,510 என்றால் ஒரு சைபர் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, எழுதிய நிரலை ஓட்டும் முன் நீங்களே கணிப்பொறியாகி அதைத் தாளில் ஓட்டிப் பாருங்கள். 1 முதல் 10 வரை கூட்டும் நிரல் என்றால், ஒரு பத்தியில் எண்ணையும் அடுத்த பத்தியில் கூட்டுத்தொகையையும் படிப்படியாக எழுதுங்கள். 55-இல் முடிய வேண்டும். "எண் 10-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை கூட்டு" என்று எழுதியிருந்தால் 45-இல் நின்றுவிடும். அப்போது பிழை எங்கே என்று உங்கள் பென்சிலே காட்டிவிடும்.

மூன்றாவது, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துப் பாருங்கள். வெப்பநிலை மாற்றும் நிரலிடம் 212-ஐக் கொடுத்தால் 100 வர வேண்டும். தெரிந்ததில் தேறாத நிரலைத் தெரியாததில் எப்படி நம்புவது?

வேகம் உங்கள் எதிரி அன்று. நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு கணிப்பைத்தான் சோதிக்க முடிந்தது. நீங்கள் ஒரு மாலைப் பொழுதில் நூறு கணிப்புகளைச் சோதிக்கலாம். ஒவ்வொரு முறையும் விசையைத் தட்டுமுன் உங்கள் விடையை எழுதி வைத்திருந்தால், எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபட்டது உங்களுக்கு மாதக்கணக்கில் பிடிபடும். எங்களுக்கு இந்தப் பழக்கத்தைத் தந்தது பற்றாக்குறை. உங்களுக்கு அதை யாரும் திணிக்கப்போவதில்லை. நீங்களாகவே தேர்ந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் கொடுத்த 37,500 அட்டை, 6.75 மீட்டர், இரண்டரை மணி நேரம் என்ற கணக்கை நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா, அல்லது அச்சில் வந்ததாயிற்றே என்று நம்பிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போது ஒரு தாளை எடுங்கள்.